வண்டிக்கு மூக்குத்தி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனி கூலர் மாட்டிய கதை

தொண்டியார்பேட்டை வீட்டிலிருந்து எண்ணூரில் நான் வேலை பார்க்கும் இடம் பெரிய தூரமில்லை. காலையில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மாலையில் திரும்புவதுதான் வேறு கதை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசை கட்டிவிட்டால், அந்த வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகும், ஒன்றரையும் ஆகும். பத்தடி நகர்வோம், நிற்போம். மறுபடி பத்தடி.

என் வண்டி பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் செடான். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுற்றை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக். போன வருடம் சித்திரை பிறந்ததிலிருந்து மாலை நெரிசலில் மட்டும் ஒரு கோளாறு. முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு இரண்டாவது கியர் விழத் தயங்கும். வீட்டுச் சந்தில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டு ‘டொக்’ என்று இடிக்கும். மறுநாள் காலை பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல வழுக்கிக்கொண்டு போகும். காய்ச்சல் குழந்தை டாக்டரைப் பார்த்ததும் துள்ளி விளையாடுமே, அதே சங்கதி.

காட்டிய இடத்தில் ‘கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும்’ என்றார்கள். சொன்ன தொகைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்கலாம். இறக்குவதற்கு முன் சூட்டை அளந்து பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இப்போது நம் ஊரில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஓடும் சின்னக் கார்களில் நிறைய ஏஎம்டி வகை. அது சாதாரண கியர்பாக்ஸுக்கு ஒரு இயந்திரக் கையை மாட்டிவிட்டது போலத்தான். அதில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, இந்தக் கூலருக்கு அங்கே வேலையும் கிடையாது. வண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் சூடு எங்கிருந்து வருகிறது? டி-யில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கிறோம். ஒரு பக்கம் இன்ஜின் மத்தைச் சுற்றுகிறது, மறுபக்கம் சக்கரம் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் எண்ணெய்தான் மோர் போலக் கடைபடுகிறது. அந்த உரசல் அத்தனையும் சூடாக மாறுகிறது. நிற்கும்போது கொஞ்சம்; நின்ற நிலையிலிருந்து ஊர்ந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அதைவிட அதிகம். வேகம் பிடித்து, இரண்டு பக்கத்தையும் நேராகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொண்டால்தான் கடைவது நிற்கும். பத்தடி பயணத்தில் லாக்-அப் எங்கே பூட்டும்?

இந்தச் சூட்டை எடுக்கக் கம்பெனியே ஒரு கூலர் வைத்திருக்கிறது. அது ரேடியேட்டரின் டேங்குக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கியர் ஆயில் அதற்குள் போய், சுற்றியிருக்கும் கூலன்ட்டிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். கூலன்ட்டே 90 டிகிரியை ஒட்டி இருக்கும்போது ஆயில் அதற்குக் கீழே போகாது. நெரிசலில் கூலன்ட்டும் ஏறும், ஆயிலும் கூடவே ஏறும். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

அளப்பதற்கு முதலில், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி அடாப்டரை மாட்டிப் போனில் பார்த்தேன். கூலன்ட் சூடு தெரிந்தது, கியர்பாக்ஸ் சூடு தெரியவில்லை. அதற்கான கோட் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சரி, வீட்டில் இருந்த மல்டிமீட்டரில் வெப்பம் பார்க்கும் ஒயர் ஒன்று உண்டு. அதன் நுனியை கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் இரும்புக் குழாயில் ஒட்ட வைத்து, மேலே துணி டேப்பைப் பத்துச் சுற்று சுற்றி, ஒயரை டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ரப்பர் ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக்கொண்டேன். குழாயின் வெளிப்புறச் சூடு உள்ளே ஓடும் ஆயிலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

காலைப் பயணத்தில் 88. மாலை, டோல்கேட் தாண்டி லாரிகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் ஊர்ந்தபோது 116. எனக்கே வியர்த்துவிட்டது.

காசில்லாத வைத்தியத்தை முதலில் செய்து பார்த்தேன். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் நியூட்ரலுக்கு மாற்றிக் கையால் பிரேக் போட்டுவிடுவது. ஒரு வாரம் அப்படி ஓட்டியதில் உச்சம் 110-க்கு இறங்கியது. ஆறு டிகிரி, அதுவும் இலவசமாக. ஆனால் 110-ம் போதாது.

சாமான் வாங்கப் போனேன். கூலரில் மூன்று வகை: குழாயை வளைத்துத் தகடு கோத்தது, தகடும் இறகுமாக அடுக்கியது, அடுக்குத் தட்டு வகை. முதல் வகை விலை மலிவு, ஆனால் அதே அளவுக்கு வேலை செய்யாது. நான் வாங்கியது அடுக்குத் தட்டு. நோட்டுப் புத்தகத்தைக் கொஞ்சம் நீட்டினாற்போல ஒரு அளவு. அதோடு வந்த ரப்பர் ஹோஸில் எழுத்தே இல்லை, மொட்டையாக இருந்தது. நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் கொடுத்திருந்தார்கள். அவற்றை ஏசி கன்டென்சரின் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும், ஏசியின் சூட்டை வெளியே விடும் ஜாலி) இறகுகளுக்கு நடுவே குத்திக் கூலரைத் தொங்கவிட வேண்டுமாம். அவற்றை அப்படியே குப்பையில் போட்டேன். வண்டி அதிரும்போது அந்த ஊசி தேய்த்துத் தேய்த்துக் கன்டென்சரில் ஓட்டை போட்டுவிடும். அப்புறம் கூலருக்குச் செலவழித்ததைப் போல இரண்டு மடங்கு ஏசிக்குச் செலவாகும்.

ஹோஸுக்குப் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் பெட்ரோல் ஹோஸை நீட்டினார். “இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்.” ஒன்றில்லை. சூடான கியர் ஆயிலில் தப்பான ரப்பர் முதலில் இளகும், பிறகு கெட்டியாகி வெடிக்கும். ஓடும்போது அது கழன்றால் சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் இருக்கும். ஹோஸின் உடம்பிலேயே டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும். எஸ்ஏஈ ஜே1532 என்பது அதற்கான தரம். அந்தக் கடையிலேயே உள்ளே தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டு மீட்டர் வாங்கினேன். கிளாம்ப் அளவும் முக்கியம். ஹோஸ் தடிமனுக்குப் பொருந்துகிற அளவு வேண்டும், துளை போட்ட பட்டை இல்லாமல் வழுவழுப்பான பட்டை வேண்டும். துளைப் பட்டை இறுக்க இறுக்க ரப்பரைச் சீவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்திலேயே பாயை விரித்து வேலையை ஆரம்பித்தேன். பம்பரைக் கழற்றுவதுதான் முதல் நாள் பாதியைத் தின்றது. பதினொரு பிளாஸ்டிக் கிளிப்பில் இரண்டு உடைந்தன. கடற்காற்றுப் படும் ஊரில் பத்து வருடப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரிதான்.

கீழ்வீட்டு அண்ணன் டீ டம்ளரோடு வந்து நின்றார். காசிமேட்டில் இருபது வருடத்துக்கும் மேலாக போட் இன்ஜின் வேலை பார்ப்பவர்.

“இன்னா தம்பி, வண்டி மூஞ்சியையே கயட்டி வச்சிட்ட?”

“கியர்பாக்ஸுக்குக் கூலர் போடுறேன்ணா.”

“ஓ, மூக்குத்தியா? போடு போடு. எங்க போட்டுல அது இல்லாம கடலுக்கே போவ மாட்டோம்.”

போட்டின் கியர்பாக்ஸ் ஆயிலைக் கடல் தண்ணீரைச் சுற்றவிட்டுத்தான் குளிர வைப்பார்கள். அவருக்கு இது புதிய விஷயமே இல்லை.

ரேடியேட்டரின் அடியில் கியர்பாக்ஸுக்கான இரண்டு ஹோஸ்கள். ஒன்று சூடான ஆயிலைக் கொண்டுவருகிறது, மற்றது திருப்பி அனுப்புகிறது. புதுக் கூலரை மாட்ட வேண்டியது திரும்பும் வழியில். ரேடியேட்டர் முதலில் பெரும் சூட்டை எடுக்கட்டும், மீதியைக் காற்று எடுக்கட்டும். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: முந்தைய நாள் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் ஓடும்போதே லேசர் தெர்மாமீட்டரை இரண்டு ஹோஸ் மீதும் காட்டினேன். ஒன்றில் 97, மற்றதில் 91. 91 காட்டியதுதான் திரும்பும் வழி. கறுப்பு ரப்பரில் அந்தக் கருவி சரியாகவே காட்டும். பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் பொய் சொல்லும். அங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் காட்ட வேண்டும்.

ரேடியேட்டரையே விட்டுவிட்டுப் புதுக் கூலரை மட்டும் வைக்கலாம் என்பவர்களும் உண்டு. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் அரித்து உடைந்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸ் அவ்வளவுதான் என்பது அவர்கள் பயம். பயம் நியாயமானதுதான். கலந்தால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் வருவது அசல் ரோஸ்மில்க் நிறம். என் ரேடியேட்டரை இரண்டு வருடம் முன்புதான் மாற்றியிருந்தேன், அதனால் அதை விடவில்லை.

எங்கே மாட்டுவது? இங்கேதான் நான் கோட்டை விட்டேன். பம்பரின் கீழ் ஓரத்தில், ஃபாக் லைட்டுக்குப் பக்கத்தில், அழகான ஒரு காலி இடம். முன்னால் வலைக் கண்ணி, நேரடிக் காற்று. கன்டென்சரை மறைக்காது, ஏசிக்குத் தொந்தரவில்லை. ஹோஸும் குறைவாக ஓடும். 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டையில் இரண்டு கால் வெட்டி, துளைபோட்டு, கூலரின் வாய்கள் பக்கவாட்டில் வருகிற மாதிரி நிறுத்தினேன். வாய் கீழே பார்த்தால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர். உப்புக் காற்றில் இரண்டு உலோகங்களை நேராக முட்டவிட்டால் ஆறு மாதத்தில் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துவிடும். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கம்பெனியில் இருந்தே வந்த மாதிரி இருந்தது.

அதே சூட்டில் ஆயிலையும் மாற்றினேன். கீழ் நட்டைக் கழற்றியதும் வந்தது, நாள்பட்ட வடைச் சட்டி எண்ணெய் நிறத்தில் 3.2 லிட்டர். லேசான கருகல் வாடை. உள்ளே உலோகத் தூளைப் பிடிக்கும் காந்தத்தில் சாம்பல் பசை மட்டும்தான். சில்லுச் சில்லாக உலோகத் துண்டு இருந்திருந்தால் இந்தப் பதிவு இங்கேயே முடிந்திருக்கும். நட்டு வழியாக மொத்த ஆயிலும் வராது, பாதிக்கு மேல் கன்வெர்ட்டரிலும் வால்வு பாடியிலும் தங்கிவிடும். அதனால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு தடவை இறக்கி நிரப்பினேன். ஊற்றுவது மேனுவலில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதே தரம். டெக்ஸ்ரான், எஸ்பி-3, டி-4, டிடபிள்யூ-1 எல்லாம் சிவப்பாகத்தான் இருக்கும், அதற்காக ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகிவிடாது.

பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைப் பார்த்த யாருக்கும் இதைச் சாக்கடையில் ஊற்றக் கை வராது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து நொடியில் நிறுத்தி ஹோஸ் வாய்களைப் பார்த்தேன். ஈரமில்லை. மறுபடி ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து எல்-வரை ஒவ்வொரு கியரிலும் இரண்டு நொடி வைத்து எடுத்து, மறுபடி பி. இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றினேன். கூலரும் ஹோஸும் சேர்ந்து 400 மில்லி கூடுதலாகக் குடித்தன. கடைசி அளவை வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு ‘ஹாட்’ கோட்டில்தான் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது அந்தக் கோடு வரை ஊற்றினால் சூட்டில் பொங்கி நுரைத்துவிடும். இது என் வண்டியின் முறை. சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இருக்காது.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்தேன். காலையில் அதில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சிவப்பு வட்டம்.

மேலே பார்த்தால் கூலரின் ஒரு வாயில் ஹோஸ் நுனி பாதிதான் ஏறியிருக்கிறது. அந்த வாயில் ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். நான் மேட்டின் மேலேயே கிளாம்பை இறுக்கியிருந்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் தப்பான இடத்தில். கழற்றி, நுனியை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து இளக்கி, ஆயில் தடவி முழுக்க ஏற்றினேன். மறுநாள் அட்டை காய்ந்திருந்தது.

இப்போது அளவு. காலைப் பயணத்தில் 76. பன்னிரண்டு டிகிரி குறைவு! அன்று முழுக்க ஆபீஸில் எனக்குத் தரை தெரியவில்லை.

மாலை வந்தது. எர்ணாவூர் தாண்டியதுமே வரிசை. 84, 91, 98. நியூட்ரலுக்கு மாற்றிப் பார்த்தேன். 103. தொண்டியார்பேட்டைக்குத் திரும்பும்போது 107. பழைய 110-க்கும் இதற்கும் மூன்று டிகிரி வித்தியாசம். இவ்வளவு கூத்தும் மூன்று டிகிரிக்காகவா?

கூலரை மாற்றலாமா, இதைவிடப் பெரிதாகப் போடலாமா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் அண்ணனைப் பார்த்தபோது சொன்னேன். ஓடும்போது குளிர்கிறது, நிற்கும்போது குளிரவில்லை என்று.

“ஏன் தம்பி, போட்டு ஆர்பர்ல சும்மா நிக்குது. இன்ஜின் ஓடுது. கூலருக்குத் தண்ணிய யாரு தள்றது?”

“பம்ப்.”

“உன் வண்டி நிக்குது. கூலருக்குக் காத்த யாரு தள்றது?”

அவ்வளவுதான் கேட்டார். படியில் இறங்கிப் போய்விட்டார்.

ஃபாக் லைட் பக்கத்தில் காற்று தானாக வருவது வண்டி ஓடும்போது மட்டும். நிற்கும் வண்டியில் காற்றை இழுப்பது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன். அந்த ஃபேன் இழுக்கும் வட்டத்துக்கு வெளியே நான் மாட்டிய கூலர், நெரிசலில் ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். பெங்களூர் நெடுஞ்சாலையில் தினமும் போகிறவருக்கு என் முதல் இடம் சரியான இடம். எனக்கு என் சூடு முழுவதும் நிற்கும்போது வருகிறது.

அடுத்த ஞாயிறு பம்பர் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை இருபது நிமிடம், கிளிப் ஒன்றும் உடையவில்லை. அலுமினியப் பட்டையை மேல் குறுக்குச் சட்டத்திலிருந்து கீழ்ச் சட்டம் வரை நிற்கும் இரண்டு கம்பங்களாக நீட்டி, கூலரைக் கன்டென்சருக்கு முன்னால், ஃபேனுக்கு நேராக, ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினேன். பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு. கன்டென்சரை எதுவும் தொடவில்லை. ஹோஸை இன்ஜின் குலுங்கும் அளவுக்குத் தளர்வாக விட்டேன். வளைவில் மடிந்துவிடக் கூடாது, மடிந்தால் ஓட்டம் அடைபடும். தகட்டின் விளிம்பைத் தொடும் இரண்டு இடங்களில் பழைய ஹோஸையே நீளவாக்கில் கீறிச் சட்டை போட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நல்ல நெரிசல் வாய்த்தது. முதல் முறையாக அதற்குச் சந்தோஷப்பட்டேன். ஓடும்போது 79, முன்பைவிட மூன்று கூடுதல். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகும் லாரிகளின் நாற்பது நிமிட வரிசையில், நியூட்ரல் பழக்கத்தோடு, உச்சம் 96. கியர் தயங்கவில்லை. ரிவர்ஸ் இடிக்கவில்லை.

எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. நெரிசலில் வண்டி சூடானால் ஏசியை அணை என்பதுதான் நம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஒரு நாள் அணைத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் சூடு ஏற ஆரம்பித்து 100-ஐத் தாண்டியது. ஏசி ஓடும்வரை என் வண்டியில் ஃபேனும் சேர்ந்து ஓடுகிறது. ஏசியை அணைத்தால், கூலன்ட் சூடேறிக் கூப்பிடும்வரை ஃபேன் தூங்குகிறது. கூலன்ட் முள் ஏறினால் ஏசியை அணைப்பது வேறு விஷயம். இந்தக் கூலருக்கு ஏசி ஓடுவதுதான் நல்லது.

இழப்பு இல்லாமல் இல்லை. நின்றுகொண்டிருக்கும்போது ஏசியின் குளிர் ஒரு பொட்டு குறைந்திருக்கிறது. மனைவிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவருகிறேன். மொத்தச் செலவு, இரண்டு தடவை ஊற்றிய ஆயிலையும் சேர்த்து, 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

எட்டு மாதம் ஆகிறது. மாதம் ஒரு தடவை டார்ச் அடித்து ஹோஸ் வாய்களையும் பட்டைகளையும் பார்க்கிறேன். நைலான் வாஷர் வைக்க மறந்த ஒரே ஒரு போல்ட்டைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, மாற்றிவிட்டேன். கூலரின் இறகுகளில் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் லாரித் தூசியும் அடைவதால், வண்டி கழுவும்போது மெல்லிய தண்ணீரில் அலசுகிறேன். பிரஷர் கன் காட்டினால் இறகு மடங்கிவிடும். மீந்த அரை மீட்டர் ஹோஸை அண்ணன் போட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். வண்டிக்கு அடியில் அந்த அட்டை இன்னும் கிடக்கிறது, அந்த ஒரு சிவப்பு வட்டத்தோடு. இப்போது அதன் மேல் ஒரு பூனை படுக்கிறது.